பகுதியில் விடுபட்டவர்கள்

(திருப்பாலைவனத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கும், பழவேற்காட்டிலிருந்தும் சுற்றுக் குப்பங்களிலிருந்தும் மீன் வேலையை முடித்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் பெண்களுக்கும், பின்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் தனித்தனியே என் வணக்கம்.

நான் சமுதாய மருத்துவம் கற்பித்தவன். இன்று பேசப்போவது ஒரு பின்னக் கணக்கைப் பற்றி. கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று நாம் எல்லோருமே சின்ன வகுப்பில் படித்திருக்கிறோம். தடுப்பூசி விழுக்காடு என்பதும் ஒரு பின்னம்தான். ஊசி போட்டுக்கொண்டவர்கள் மேலே. போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் கீழே. மேல் எண் செய்தித்தாளில் வருகிறது. கீழ் எண் எங்கிருந்து வந்தது, அதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. தமிழில் பகுதி என்றால் வட்டாரம் என்றும் பொருள். இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் அந்த இரண்டு பொருளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே என் பேச்சு.

நான் சொல்ல வந்தது இதுதான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான தடுப்பூசியைப் பள்ளிப் பதிவேட்டை வைத்துக் கணக்கிடுகிறோம். பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இந்தக் கரையில் அந்த ஊசி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே அப்படி விடுபடுகிறார்கள். கீழ் எண்ணை எழுதும் வேலை குப்பத்தின் கைக்கு வரவேண்டும்.

1

நம் கணக்கு தொட்டிலில் தெளிவாக இருக்கிறது. ஒரு பெண் கருவுற்றதுமே கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வந்துவிடுகிறது. குழந்தை பிறந்ததும் ஒன்றரை மாதத்தில் ஒன்று, இரண்டரையில் ஒன்று, மூன்றரையில் ஒன்று, ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று என்று நர்சம்மா தேதி சொல்லி அனுப்புகிறார். வராவிட்டால் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறார். தேசியக் குடும்பநல ஆய்வும் 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளை வைத்தே மாநிலங்களை அளக்கிறது. அந்த ஆய்வின்படி எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 80.9 விழுக்காடு, 2015-16இல் 69.7, 2019-21இல் 89.2.

நடுவில் உள்ள சரிவை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 2008 ஏப்ரலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே நான்கு பச்சிளங்குழந்தைகள் இறந்துபோயின. அதற்குப் பிறகு ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களை வரச்சொன்னது அரசு. சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊசி ஊரைவிட்டு நாலு மைல் தள்ளிப் போனால், கூலியை விட்டு வரமுடியாத வீட்டுக் குழந்தைதான் முதலில் விடுபடும். இன்றும் இந்த மாவட்டத்தில் ஒரு தாய் பிள்ளையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு “இந்த ஊசி ஒண்ணும் பண்ணாதில்ல?” என்று கேட்டால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த நாலு வீட்டுச் செய்தி எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போனதும் பிக்மி எண் பின்னுக்குப் போய், பள்ளி மாணவர் பதிவுக்கான எமிஸ் எண் வருகிறது. 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய ஊசியைப் பெரும்பாலும் பள்ளியிலேயே போடுகிறோம். குடும்பநல ஆய்வில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருப்பதுபோல் 16 வயதுப் பிள்ளைக்கு ஓர் அட்டவணை கிடையாது. பள்ளி தரும் எண்தான் கடைசி எண்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு குப்பத்தில் 16 வயதில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் இருப்பவர்கள் 28 பேர். அவர்களில் 27 பேருக்கு ஊசி போட்டாயிற்று. பள்ளிக் கணக்கில் 96 விழுக்காடு. குப்பத்துக் கணக்கில் 67.5. ஊசி ஒன்றுதான், பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான். மாறியது கீழ் எண் மட்டுமே.

2

இனி அந்த 16 வயது ஊசி எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். ரணஜன்னிக்கு மட்டுமான பழைய டி.டி. ஊசி உங்களுக்கெல்லாம் தெரியும். இப்போது போடுவது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. ஆங்கில எழுத்தில் வேறுபாடு உண்டு. தமிழில் சொன்னால் இரண்டும் டி.டி.தான். “அதான் போட்டாச்சே” என்று வீட்டில் சொல்வதற்கு இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம். சின்ன வயதில் போட்ட ஊசியின் காப்பு ஆண்டுகள் போகப்போகக் குறைகிறது. 10இலும் 16இலும் அதைத் தட்டி எழுப்பவேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் விடிந்தும் விடியாத நேரத்தில் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பையன் வலையிலிருந்து நண்டுகளைக் கொடுக்கு உடையாமல் கழற்றிக்கொண்டிருந்தான். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. இடது உள்ளங்காலில் பழைய லுங்கித் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தான். துணியில் சேறும் ரத்தமும் ஒன்றாகக் காய்ந்திருந்தன. சிப்பி வெட்டியதாம்.

“ஊசி போட்டியாப்பா?”

“அஞ்சாவதுல போட்டது சார்.”

“அதுக்கப்புறம்?”

“ஒம்பதாவதோட நின்னுட்டேன் சார். ஊசி ஸ்கூலுக்குத்தான வரும்?”

அவன் சொன்னதில் பிழையே இல்லை. அவன் வாழ்க்கையில் அதுவரை ஊசி பள்ளிக்குத்தான் வந்திருக்கிறது. நாங்கள் அவனை அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். அன்று காலை அவனைக் கையோடு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் பல ஆண்டுகள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் சேற்றிலும் வித்தாக உறங்கிக் கிடக்கும். காற்றுப்படாத ஆழமான காயம் கிடைத்தால் முளைத்து நஞ்சை விடும். கெளுத்தி முள், திருக்கை முள், துருப்பிடித்த தூண்டில், சிப்பி ஓடு என்று இந்த ஏரியில் அதற்கு எத்தனை வாசல்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு விரல் தழும்பில்லாமல் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதை என் மாணவர்களே தேர்வில் தவறாக எழுதுவார்கள். தட்டம்மைக்கு ஊரில் 95 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டால் மீதி ஐந்து பேருக்கும் ஒரு காப்பு கிடைக்கும். நோய் அவர்களிடம் போய்ச்சேர வழியில்லை. ரணஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ஊரே ஊசி போட்டுக்கொண்டாலும் போடாத பையன் தன் காயத்தோடு தனியாகத்தான் நிற்கிறான். அவனுக்கு விழுக்காட்டால் ஒரு பயனும் இல்லை.

ஊசி மருந்தைக் குளிரில் காப்பதைப் பற்றி இங்குள்ள பெண்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஐஸ் இல்லாத மீன் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் மீனுக்கு ஐஸ் கூடினால் கேடில்லை. இந்த மருந்து உறைந்தால் வீண். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். அதனால்தான் நர்சம்மா ஐஸ் பேக்கை வெளியே எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்க்கிறார். உள்ளே கொஞ்சம் ஐஸ் உருகித் தண்ணீர் சலசலத்தால்தான் அதை மருந்துப் பெட்டியில் வைக்கலாம். அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வருபவரால் இன்னும் அரை மைல் நடந்து வலை காயும் இடத்துக்கும் வரமுடியும். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

3

பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இது பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு தரப்பட்டது. வைரஸ் உடலில் நுழையும் முன்பே, அதாவது 9 முதல் 14 வயதுக்குள், ஊசி போட்டுவிட்டால் பிற்காலத்தில் வரும் புற்றுநோயைத் தடுக்கலாம். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் தடுப்பூசிக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. 2025 மார்ச்சில் வந்த தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட ரூ.36 கோடி ஒதுக்கியது.

14 வயது என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கும் சட்டக் கடமை முடிகிற வயதும் பெண்ணுக்கு இந்த ஊசி வருகிற வயதும் ஒன்றாகவே இருக்கின்றன. அம்மா விடியற்காலையில் கூடையோடு கிளம்பிவிட்டால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது யார்? எட்டாவதோடு நின்ற மூத்த பெண்தான். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்ட இருளர் பெண்ணை எந்தப் பதிவேட்டில் தேடுவது? சீக்கிரம் மணமாகிப்போகும் ஆபத்தும் இவர்களுக்குத்தான் அதிகம். பின்னாளில் பரிசோதனைக்கு வரும் வாய்ப்பும் இவர்களுக்குத்தான் குறைவு.

பெயரை எழுதினால் போதும், ஊசி போட்டுவிடலாம் என்று நினைத்தும் நாம் ஒருமுறை தவறியிருக்கிறோம். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் 20,000க்கும் மேற்பட்டோருக்கு இந்த ஊசி ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போடப்பட்டது. அவர்களில் ஏழு சிறுமிகள் பின்னர் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் கம்மத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்கள் பலருக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள் என்பதும் வெளிவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையான அறிக்கை தந்தது. மருந்து நல்ல மருந்து. கேட்காமல் போட்டதால் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது தள்ளிப்போயிற்று.

அதே 2010 ஏப்ரலில் இன்னொரு ஆய்வும் நிறுத்தப்பட்டது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பல மாநிலங்களில் பெண் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு அது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை மருத்துவமனையும் அதில் ஓர் இடம். பாதியில் நின்றதால் 4,949 பெண்கள் ஒரே ஒரு தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை, பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு தவணையே ஏறத்தாழ முழுக் காப்புத் தருகிறது என்று 2021இல் வெளியான முடிவு காட்டியது. ஒரு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னபோது நம் நாட்டுப் பெண்களின் இந்தக் கணக்கும் அதற்கு ஆதாரமாக இருந்தது. விடுபட்டவர்களையும் பெயர் சொல்லித் தேடிப் போனதால் கிடைத்த அறிவு இது. ஒரே தவணை போதும் என்பதால் இந்தக் கரைக்கு எவ்வளவு பெரிய நன்மை! செங்கல் சூளையிலிருந்து ஊருக்கு வரும் ஒரு பொங்கல் வாரமே போதும்.

4

ஊசி வரும் இடமும் நேரமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லோருக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினார்கள். இயக்கத்தின் கெடுவை நீட்டிக்கவேண்டி வந்தது. 2022 ஜனவரி 3 அன்று 15 முதல் 18 வயதினருக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோதும் பள்ளிகளே மையங்கள். படிப்பை விட்ட பையன் தானாகத் தேடிவந்து வரிசையில் நிற்கவேண்டியிருந்தது.

பள்ளி முகாம் காலை 10 மணிக்கு நடக்கிறது. அந்நேரம் தாய் மீன் விற்கப் போயிருப்பார்; தகப்பன் கடலில் இருப்பார் அல்லது இரவெல்லாம் ஏரியில் இருந்துவிட்டு அசந்து தூங்குவார். முந்தின நாள் மாலை பையிலிருந்து எடுத்து நீட்டிய ஒப்புதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் யாருக்குப் படித்துச் சொல்வது? கையெழுத்து வந்துவிடுகிறது, ஒப்புதல் வருவதில்லை.

எல்லோரும் ஊரில் இருக்கும் நாள்கள் இந்தக் கரைக்கென்றே உண்டு. சிறீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வருகிறது. அன்று படகுகள் கரையில் கிடக்கின்றன. சென்னைக் காசிமேட்டு விசைப்படகுகளுக்கு வேலைக்குப் போன பையன்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலத்தில் வீட்டில் இருக்கிறார்கள். அந்த நாள்களில் பெரும்பகுதி பள்ளிக்கு விடுமுறை. பள்ளி மூடியிருப்பதால் பள்ளி முகாமும் இல்லை. பையன் வரும்போது ஊசி போய்விடுகிறது.

5

இதற்கு வழி இந்தக் கரையிலேயே இருக்கிறது என்று நம்புகிறேன். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைப் பாடு முறையில் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் அதில் இடம் உண்டு. தவறிக்கூட ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அந்தக் கணக்கில் பெயர் விடுபடுவதில்லை. இவ்வளவு கவனமான கீழ் எண் எழுதத் தெரிந்த ஊர்கள் இவை. ஆனால் அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. பாட்டில் பங்கில்லாத இருளருக்கும் இடமில்லை. ஆகவே பாட்டுக் கணக்கின் கண்டிப்போடு, அது விட்டவர்களையும் சேர்த்து, ஒவ்வொரு குப்பத்திலும் 10 முதல் 18 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரும் கொண்ட ஒரு நோட்டு வேண்டும். பள்ளியில் படிக்கிறதா இல்லையா என்பது அதில் ஒரு கேள்வியாக மட்டும் இருக்கட்டும், நுழைவுச் சீட்டாக இருக்கக்கூடாது.

இது புதிய யோசனை அல்ல. 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி ஆய்வு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்றைய திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில்தான் நடந்தது. வீடு வீடாகப் போய் எல்லோர் பெயரையும் எழுதி, 2,80,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அது சொன்னபோது உலகம் அதை ஏற்க வேண்டியிருந்தது; கீழ் எண் அவ்வளவு உறுதி. கணினி இல்லாத காலத்தில் இந்த மண்ணில் முடிந்த வேலை அது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை இன்று பாட்டியின் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதே வாசலில் உட்கார்ந்திருக்கும் பேத்தியின் பெயரை எழுதிக்கொள்ள இன்னொரு நடை தேவையில்லை.

பள்ளிக்கு வெளியே இருப்பவர்களையும் சேர்க்க முடியும் என்பதற்குச் சிக்கிம் ஒரு சாட்சி. 2018இல் தொடங்கி அந்த மாநிலம் எச்.பி.வி. ஊசியை 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சிறுமிகளுக்குப் போட்டு முடித்தது. அவர்களும் பள்ளியில்தான் போட்டார்கள். விடுபட்டவர்களைச் சுகாதார நிலையத்துக்கு வரவழைத்தும் போட்டார்கள்.

இந்தப் பேச்சுக்கு முன் இங்கே வந்திருக்கும் செவிலியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “பள்ளியில படிக்காத பிள்ளைக்கு ஊசி போட்டா படிவத்துல எங்க சார் ஏத்துறது? பள்ளியோட பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா மேல கேள்வி கேட்பாங்க.” சென்ற முறை அவர் இரண்டு பேருக்குத் தம் பொறுப்பில் ஊசி போட்டுவிட்டு, கணக்கில் காட்ட வழியில்லாமல் தம் கைப்பையில் உள்ள சிறிய நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். ஒரு பையனும் ஒரு பெண்ணும். பெயர், வயது, தேதி. அதன் கீழே மூன்றாவதாக ஒரு பெயர். தேதி எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சூளைக்குப் போயிருக்கிறதாம், பொங்கலுக்கு வரும் என்றார்.

அந்தக் கட்டத்தில் குப்பத்தின் பெயரை எழுதுங்கள் என்று சொன்னேன். மேலே கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.